உதவி பெற்ற பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுக்க மறுப்பது பற்றி

உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இனியும் உதவி செய்வதை நிறுத்திவிட்டு, அவரிடம் நீங்கள் ஒரு சிறு உதவி கேளுங்கள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் கைகொடுத்தவர் இப்போது உங்களைக் கண்டதும் கதவைச் சாத்துகிறார் என்றால், அது நன்றிகெட்டதனமாகவே இருக்க வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டே இருப்பவருக்குக் கொடுப்பவரின் முகமே பட்ட கடனை நினைவூட்டக்கூடும்.

பென்சில்வேனியா சட்டமன்றத்தில் தம்மை எதிர்த்த உறுப்பினர் ஒருவரிடம் அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் ஓர் அரிய நூலை இரவல் கேட்டு வாங்கி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்புடன் திருப்பியனுப்பினார். அதன்பின் அம்மனிதர் இறக்கும்வரை அவருக்கு நண்பராகவே இருந்தார்.

நாளை பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணியை இரவல் கேட்டுப் பாருங்கள். எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால், அவர் விலகியதற்குப் பெரும்பாலும் அந்தக் கடன்பட்ட உணர்வுதான் காரணம்.

பணம் பாக்கி இருந்தால் இந்த வழி உதவாது. அவர் வீட்டார் காதில் விழாதவாறு, தனியாகப் பேசி முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.