பழைய வரைபடத்தில் மலை ஏன் புற்று மாதிரி இருக்கிறது?

கேள்வி: 16-ஆம் நூற்றாண்டு ஆல்ப்ஸ் வரைபடங்களில் மலைகள் கரையான் புற்றுகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. மலையைப் பார்க்காமலே வரைந்தார்களா?

பதில்: பார்த்தவர்களும் அப்படித்தான் வரைந்தார்கள். ஏகிடியஸ் ட்ஷூடி ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்து பயணம் செய்தவர். முதலில் 1538-ல் அச்சான அவருடைய சுவிஸ் வரைபடத்திலும் புற்றுகள்தான். அன்றைய பயணிக்குத் தெரிந்தது பள்ளத்தாக்கும் கணவாயும். சிகரங்களை யாரும் அளக்கவில்லை. அந்த வெற்றிடத்தைப் புற்றுகளால் நிரப்பினார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆற்றையும் ஊரையும் மேலிருந்து பார்த்து வரைகிறார்கள், மலையை மட்டும் பக்கவாட்டில். அதனால் மலைக்குப் பின்னால் இருக்கும் ஊர் மறைந்துவிடும். ஊரைக் காட்ட வேண்டுமானால் மலையைக் குறுக்க வேண்டும், இல்லையென்றால் ஊரை நகர்த்த வேண்டும். அளவுகோலை வைத்தால் அடிவாரத்திலிருந்து அளப்பதா, நுனியிலிருந்தா என்றும் குழப்பம். 1667-லேயே ஹான்ஸ் கொன்ராட் கைகர் சூரிச் மாநிலத்தை நேர் மேலிருந்து, நிழல் தீட்டி வரைந்துவிட்டார். ராணுவத்துக்கு உதவும் என்று அதைப் பூட்டி வைத்தார்கள். அடுத்தவர் பார்த்துக் கற்க வழியில்லாமல் போயிற்று.

கேள்வி: பிற்கால வரைபடங்களில் மலைச்சரிவைக் காட்டப் போட்ட சரிவுக்கோடுகளுக்கு ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: 1799-ல் சாக்சனி ராணுவ அதிகாரி லேமான் வகுத்த கணக்கு உண்டு. தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடுமோ அந்தத் திசையில் குட்டிக் கோடுகள். சமதளம் முழு வெள்ளை, 45 பாகை முழுக் கறுப்பு. இடையில், சரிவின் பாகைக்கும் அதை 45-லிருந்து கழித்த மிச்சத்துக்கும் உள்ள விகிதமே கறுப்பு-வெள்ளை விகிதம். 15 பாகைக்கு ஒரு பங்கு கறுப்பு, இரு பங்கு வெள்ளை. 25 பாகைக்கு 5-க்கு 4.

குன்றுகளுக்கு இது அருமை. ஆல்ப்ஸில் 45-ஐத் தாண்டிய பாறைச்சுவர்கள் ஏராளம். எல்லாமே ஒரே கரி. தட்டையான மலையுச்சியும் பள்ளத்தாக்கின் தரையும் ஒரே வெள்ளை. எது மேலே, எது கீழே?

1845 முதல் 1865 வரை 25 தாள்களாக வந்த சுவிஸ் நாட்டு டூஃபூர் வரைபடம் (1:1,00,000), வடமேற்கிலிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டு, நிழல் பக்கத்துக் கோடுகளைத் தடிப்பாக்கியது. அங்கே சூரியன் தெற்கில்தானே என்று கேட்கலாம். அப்படித் தெற்கிலிருந்து வெளிச்சம் காட்டினால் மலைமுகடு பள்ளமாகத் தெரியும். வெளிச்சம் தாளின் மேல்விளிம்புப் பக்கமிருந்து வரும் என்றே கண் எடுத்துக்கொள்கிறது. நிழல் தீட்டிய எந்த வரைபடத்தையும் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள், மேடு பள்ளமாகப் புரண்டுவிடும். உயரத்தை எண்ணாகப் படிக்க மட்டும் சம உயரக்கோடு (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு) வேண்டும். அது 1870 முதல் வந்த சீக்ஃபிரீட் வரைபடத்தில் கிடைத்தது: 1:25,000 தாளில் 10 மீட்டருக்கு ஒரு கோடு, உயர்மலைக்கான 1:50,000 தாளில் 30 மீட்டருக்கு ஒன்று.

கேள்வி: ஓவியர்களை நம்பலாமா?

பதில்: ஆளைப் பொறுத்தது. கொன்ராட் விட்ஸ் 1444-ல் பைபிள் காட்சி ஒன்றை ஜெனிவா ஏரியில் வைத்து வரைந்தார். பின்னணி மலைகளை இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காட்டலாம். 1770-களில் காஸ்பர் வோல்ஃப் மலையிலேயே எண்ணெய் வண்ணத்தில் குறிப்போவியம் தீட்டி, கூடத்தில் ஓவியத்தை முடித்து, மறுபடி அதே இடத்துக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுத் திருத்தினார். அன்றைய பனிப்பாறைகள் எதுவரை இறங்கியிருந்தன என்று அறிய ஆய்வாளர்கள் இன்றும் அவர் படங்களைப் பார்க்கிறார்கள். பாறையடியில் எறும்பு போல நிற்கும் மனிதர்களை மட்டும் அளவுகோலாக எடுக்காதீர்கள். பிரமிப்பூட்ட அவர்களை இன்னும் சிறிதாக்குவது அக்கால ஓவியர்களின் வழக்கம்.

கேள்வி: டிராகன் வரைந்த அறிஞர் யார்?

பதில்: ஷோய்க்சர். சூரிச் மருத்துவர், காற்றழுத்தமானியால் மலை உயரம் அளந்தவர். 1723-ல் வந்த ஆல்ப்ஸ் பயண நூலில், மலைவாசிகள் சொன்ன டிராகன்களையும் படத்தோடு சேர்த்தார்.