‘ஸ்டாக் இல்லை’ என்பதை எழுதி வாங்குங்கள்

கேள்வி: வக்கீல் சார், அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஓர் அக்காவின் ஒன்பது வயது மகனுக்கு ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய். மூட்டில் ரத்தம் கட்டினால், ரத்தம் உறைய வைக்கும் ஃபேக்டர் 8 ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போனால் பாதி நாள், "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிட்டு வாங்க" என்கிறார்கள். ஒரு தடவைக்கே பல ஆயிரம் ஆகிறது. வழக்குப் போடலாம் என்றால், "நாளைக்கும் அந்த டாக்டர்கிட்டதான போய் நிக்கணும்" என்று அக்கா பயப்படுகிறார். அவருக்காக நானே வழக்குப் போடலாமா? நுகர்வோர் நீதிமன்றமா, ஹைகோர்ட்டா? செலவுக்கு என்ன வழி?

பதில்: நுகர்வோர் நீதிமன்றத்தை விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. நீங்கள் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்படி, அரசு தன் கடமையைச் செய்ய உத்தரவிடுமாறு கேட்கும் ரிட் மனு.

ஆனால் இன்றைக்கே மனு போட்டால் என்ன ஆகும் தெரியுமா? அரசு வழக்கறிஞர் எழுந்து, "மருந்து இருப்பில் இருக்கிறது, மனுதாரர்தான் கேட்கவில்லை" என்பார். உங்கள் கையில் இருப்பதோ ஜன்னலுக்குள்ளிருந்து யாரோ சொன்ன ஒரு வார்த்தை. இந்த வகை மனுவில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது இதைத்தான்: முறையாகக் கேட்டீர்களா, மறுத்தார்களா, அல்லது பதிலே சொல்லாமல் இருந்தார்களா? அதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தைச் சேர்ப்பதில் வக்கீலைவிட உங்களுக்குத்தான் வேலை அதிகம்.

அடுத்த முறை பையனைக் கூட்டிப் போகும்போது, எத்தனை யூனிட் தேவை, இருப்பில் இல்லை என்பதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். சண்டை போடாமல் கேட்டால் பலர் எழுதித் தருவார்கள். மறுத்தால், வெளியே வாங்கச் சொல்லித் தரும் சீட்டும் மருந்துக்கடை பில்லும் தேதியோடு இருந்தாலே பாதி சாட்சி. ரத்தம் கட்டியது எப்போது, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது எப்போது, ஊசி போட்டது எப்போது என்று அன்றன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதை எதிர்த்தரப்பு எளிதாக உடைத்துவிடும்.

அப்புறம், அக்காவின் பெயரில் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு, நலப்பணிகள் இணை இயக்குநருக்கு நகல். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி: கடந்த ஓராண்டில் ஃபேக்டர் 8 எத்தனை குப்பி வந்தது, எந்தெந்த நாள் இருப்பு பூஜ்யம், அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திடம் எப்போது கேட்டு எழுதினார்கள்? உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 7(1) பிரிவு சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். நேரத்துக்குத் தருவார்களா என்பது வேறு விஷயம். தராததும் ஓர் ஆவணம்தான்.

சட்டம் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஹீமோபிலியா உண்டு. பையனுக்கு அடையாள அட்டை இன்னும் இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள். "நிதி இல்லை" என்ற பதிலுக்கு 1996-ஆம் ஆண்டு மேற்கு வங்க வழக்கு இருக்கிறது. ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. சிகிச்சை தரும் கடமையிலிருந்து பணமில்லை என்று சொல்லி அரசு தப்ப முடியாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது. 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம், அரிய நோயுள்ள ஒரு ரிக்‌ஷா தொழிலாளியின் மகனுக்கு விலை உயர்ந்த மருந்தை அரசே இலவசமாகத் தர உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு மதுரையைக் கட்டுப்படுத்தாது, என்றாலும் எடுத்துக்காட்டலாம்.

மேற்கு வங்க வழக்கை நடத்தியது பாதிக்கப்பட்டவரும் அவர் சார்ந்த தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து. உங்களுக்கும் அந்த வழி உண்டு. ஆனால் பையன் சார்பில் தாய் மனுதாரராக இருப்பதும், நீங்கள் நேரில் பார்த்ததைப் பிரமாணப் பத்திரமாகத் தருவதுமே போதும் என்பது என் எண்ணம். வாதாட வக்கீல்தான் வேண்டும். அக்கா பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

அக்காவின் பயம் நியாயமானது, அதை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். எந்த டாக்டரையும் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டாம். சுகாதாரத் துறைச் செயலர், மருத்துவப் பணிகள் கழகம், கண்காணிப்பாளர் ஆகியோர் பதவியின் பெயரில் இருந்தால் போதும். மருந்து வராததற்கு டியூட்டி டாக்டர் என்ன செய்வார், பாவம்! இதையெல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் அக்கா வேண்டாம் என்றால், வேண்டாம்தான். அவர் சம்மதமில்லாமல் பையனின் படத்தோடு பத்திரிகைக்குப் போய்விடாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும் யோசியுங்கள். பிரேசிலில் 1988-ஆம் ஆண்டு அரசமைப்பே உடல்நலம் எல்லோரின் உரிமை, அரசின் கடமை என்கிறது. அங்கே மருந்து கேட்டு ஏராளமானோர் தனித்தனியாக நீதிமன்றம் போகிறார்கள். கோர்ட்டுப் படியேறத் தெரிந்தவனுக்கு மருந்து, தெரியாதவனுக்கு வரிசை என்ற விமர்சனமும் கூடவே வந்தது. இங்கேயும் இவனுக்கு உத்தரவு கிடைத்த அன்று, இவனுக்கான குப்பியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பிள்ளையைத் திருப்பி அனுப்பலாம். அதனால் ‘இந்த மருத்துவமனையில் பதிவு செய்துள்ள எல்லா ஹீமோபிலியா நோயாளிகளுக்கும் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும்’ என்ற வரியை முதல் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள். ஊசி உடனே கிடைக்க இடைக்கால உத்தரவு கேட்பது தனி. மாவட்டம் முழுவதற்குமான பொதுநல வழக்கை உங்கள் பெயரில் பிறகு போடலாம். தகவல் உரிமைப் பதில்கள் கைக்கு வந்த பிறகு எழுதுங்கள், அந்த மனுவைப் பற்றிப் பேசுவோம்.