கண்ணாடி துடைத்தவர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டை விற்பது பற்றிப் பேச்சு. அக்கா எதிரே உட்கார்ந்து அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா, கத்திவிட்டு எழுந்து போகலாமா என்றிருந்தது. இரண்டையும் செய்யாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். “உனக்கு நெஞ்சே இல்லை” என்று போனவள்தான், நான்கு மாதமாகப் பேசவில்லை. இந்தப் பழக்கம் தியானத்தால் போகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தியானத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள். கண்ணாடிக்கு வருகிறேன்.

சண்டைச் சேவல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்திறகு சிலிர்க்க முட்டிக்கொண்டு நிற்பவை, திடீரென்று தலை குனிந்து தரையைக் கொத்தும். அங்கே இரை இருக்காது. பாயவும் வேண்டும், ஓடவும் வேண்டும், ஆகவே கொத்து. 1940இல் டின்பெர்கன், கோர்ட்லண்ட் என்ற இரண்டு டச்சு விலங்கியல் ஆய்வாளர்கள் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள். ‘டிஸ்பிளேஸ்மென்ட் ஆக்டிவிட்டி’, அதாவது இடம்மாறிய செயல், என்று பெயர். தேங்கிய வேகம் வேறு வழியாக வழிகிறது என்பது அன்றைய விளக்கம். பொங்கும் பால் மாதிரி. எனக்கு அது ஒருபோதும் ஒட்டவில்லை.

1958இல் ஆலா என்னும் கடற்பறவைகளை ஆராய்ந்தவர்கள் சொன்னதுதான் சரியென்று படுகிறது. முட்டையை அடைகாக்கவும் வேண்டும், பயந்து பறக்கவும் வேண்டும். இரண்டும் சமபலத்தில் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தும்போது, அதுவரை அவற்றுக்குக் கீழே அடங்கிக் கிடந்த இறகு கோதல் தலைதூக்குகிறது. மழையில் நனைந்திருந்தால் இன்னும் அதிகமாகக் கோதும். அப்படியானால் எதுவும் வழியவில்லை. கதவைப் பிடித்திருந்த இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள், மூன்றாமவன் வெளியே வந்துவிட்டான். உங்கள் கண்ணாடியில் அன்று கொஞ்சம் அழுக்கும் இருந்திருக்கும்.

ஆக, நெஞ்சு இல்லாததால் நீங்கள் துடைக்கவில்லை. ஆனால் இதைக் கொண்டுபோய் அக்காவிடம் வக்கீலாக நிறுத்தாதீர்கள். சேவல் ஒரு நிமிடம் கொத்தும், பிறகு பாயும் அல்லது ஓடும். நீங்கள் நான்கு மாதமாகக் கொத்திக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்கு ஒரு வரி எழுதாமல் முன்பின் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்களே, இதுவும் கண்ணாடி துடைப்பதுதான் ஐயா!

எனக்கும் தெரியும் இது. அப்பாவுடன் மூன்று வருடம் பேசாமலிருந்து ஒருநாள் வாசலில் போய் நின்றேன். மணியை அழுத்தப் போன விரல் அவர் பெயர்ப்பலகைக்குப் போயிற்று. எழுத்துப் பள்ளங்களில் இருந்த தூசியை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

“என்ன?”

“தூசிப்பா.”

உள்ளே போனார். ஈரத்துணியோடு வந்து, என்னைப் பார்க்காமல், பலகையின் மறுமுனையிலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.