லட்சக்கணக்கில் விலை சொல்லும் 'லிமிடெட் எடிஷன்' கண்ணாடிச் சிற்பத்தை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அடியில் 3/8, அதாவது எட்டே எட்டு செய்ததில் மூன்றாவது, என்று பொறித்திருக்கிறதே என்று மயங்காமல், எத்தனை நாள் ஆறவைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

வேலூரில் ஒரு கல்லூரி வேதியியல் துறைக்குக் கண்ணாடி ஊதிக் கொடுத்துப் பிழைத்தவன் நான். ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் குழாய் உடைந்தால் ஒட்டுவது, குடுவைக்குக் கழுத்து வைப்பது, அவ்வளவுதான். கலைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனாலும் தெரிந்தவர்கள் இப்படி ஏதாவது வாங்கினால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இப்போதெல்லாம் கலைஞர் கணினியில் உருவத்தை அமைக்கிறார். த்ரீடி பிரிண்டரில் அது மெழுகாக வருகிறது. சுற்றிலும் ஜிப்சமும் சிலிக்கா மாவும் கரைத்து ஊற்றி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடியைச் சூளையில் 850 டிகிரி வாக்கில் உருக்கி நிரப்புகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கிற அதே மெழுகு முறைதான். அச்சை உடைத்துத்தான் சிற்பத்தை எடுக்க முடியும். அச்சு உடைகிறது சரி, கணினியில் இருக்கும் ஃபைல் உடைவதில்லையே! இன்னும் ஆயிரம் வார்க்கலாம். ஆகவே 'எட்டோடு நிறுத்திவிட்டோம்' என்பது கலைஞர் தருகிற வாக்கு மட்டுமே. பிரெஞ்சு வழக்கில் வார்ப்புச் சிற்பம் என்றால் எண்ணிட்டவை 8, கலைஞருக்கென்று 4. எண் 500 வரை போனால் அது நல்ல அலங்காரப் பொருள். விலையும் அதற்கேற்ப இருக்கட்டும். கண்ணாடிக் கட்டிக்குள் லேசரால் புள்ளி புள்ளியாக உருவம் பொறித்ததையும் இதே பெயரில் விற்கிறார்கள். அதற்கு லட்சமெல்லாம் அநியாயம்.

ஆறவைப்பதற்கு வருகிறேன். உருகிய கண்ணாடியில் வெளிப்பகுதி முதலில் இறுகும், உள்பகுதி பிறகு. அவசரப்பட்டால் அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். எப்போதோ ஒரு ராத்திரி யாரும் தொடாமலே டப்பென்று பிளக்கும். அதனால்தான் ஜன்னலுக்கும் பாட்டிலுக்கும் போடுகிற சாதாரண சோடா கண்ணாடியை 500 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல இறக்குவோம். அனீலிங் என்பது இதைத்தான். பருமன் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு. அமெரிக்காவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934இல் வார்த்த 5 மீட்டர் கண்ணாடி வட்டு ஆற சுமார் 10 மாதம் பிடித்தது.

வாங்குமுன் ஒரு சோதனை. லேப்டாப்பில் வெள்ளைத் திரையைத் திறந்து அதன் முன்னால் சிற்பத்தை வையுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கண்முன் பிடித்து மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அப்போது சிற்பத்துக்குள் லேசான சாம்பல் தெரிந்தால் பரவாயில்லை. பட்டை பட்டையாக நிறம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தெளிந்த கண்ணாடிக்குத்தான் இது சரிவரும்; பனி பூத்தாற்போல் மங்கலாக்கியதில் தெரியாது.

ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் பாய் ஒருவர், மிலான் கண்காட்சிக்குப் போனபோது ஒன்று வாங்கிவந்தார். கிட்டே போனால் சென்சார் உணர்ந்து உள்ளே நிறம் மாறும். அருமையான வேலை, பொய் சொல்லக்கூடாது. இரண்டாவது கோடையில் நின்றுவிட்டது. "என்ன மாஸ்டர், இவ்ளோ காசு குடுத்து மீன் தொட்டி வாங்கின கதையா ஆயிடுச்சே" என்றார். பசை போட்டு மூடியிருந்த பீடத்தை அறுத்துத் திறந்தோம். விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் என்ற சர்க்யூட்டில் கெபாசிட்டர் உப்பிக் கிடந்தது. 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் மே மாதத்தில், காற்றுப் போகாத பெட்டிக்குள் அது வேறென்ன செய்யும்? சத்துவாச்சாரியில் டிவி ரிப்பேர் பார்க்கும் தம்பி மாற்றிக் கொடுத்தார். பீடத்தைத் திறந்தால் உத்தரவாதம் கிடையாது என்று சிற்பத்தோடு வந்த சான்றிதழின் பின்பக்கத்தில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் விளக்கு வைத்ததுதான் வேண்டுமென்றால், பீடம் ஸ்க்ரூவால் திறக்கிறதா, டிரைவர் வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். நானாக இருந்தால் மின்சாரமே இல்லாத, திடமான வார்ப்பு ஒன்றைத்தான் எடுப்பேன். எதை வாங்கினாலும் நேர் வெயில் விழும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள். உருண்டை வாட்டமான கண்ணாடி வெயிலை ஒரே இடத்தில் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடும்.