குழாயின் உட்புறத்தைத் தொடாதீர்கள்

ஐயா,

பழைய பம்பிங் ஸ்டேஷன் ஒன்றில் நகரக் குடிநீர் வரலாற்று அருங்காட்சியகம் அமைக்கும் குழுவில் இருக்கிறேன். சாலை தோண்டியபோது எடுத்த வார்ப்பிரும்புக் குழாய்கள், ஒரு மரக்குழாய், சில ஈயக்குழாய்கள் வந்திருக்கின்றன. துருவைச் சுரண்டி, கறுப்பு பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். உட்புறத்தில் கொப்புளம் கொப்புளமாக நிற்கும் துருதான் அந்தக் குழாயின் வரலாறு. பூச்சில்லாத இரும்பில் அது வளர வளர நீர்வழி சுருங்கும், அழுத்தம் குறையும். குறுக்கே அறுத்த ஒரு வளையத்தை வைத்தால் பார்வையாளருக்கு அது உடனே புரியும். சுவரின் கனத்தையும் கவனியுங்கள். ஒரு பக்கம் தடித்து, எதிர்ப்பக்கம் மெலிந்திருந்தால், வார்க்கும்போது உள்ளச்சு (உள்துளைக்காக நடுவில் வைக்கும் அச்சு) விலகியிருக்கிறது. அச்சைப் படுக்கவைத்து வார்த்த பழைய குழாய்களில் இது அடிக்கடி நேர்ந்தது.

வெளிப்புறம்தான் ஏமாற்றும். பல காலம் மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பிலிருந்து இரும்பு கரைந்துபோய், கிராஃபைட் மட்டும் அதே வடிவில் நிற்கும். மறைவான ஓரத்தைக் கத்தியால் லேசாகக் கீறுங்கள்: பென்சில்போலக் கறுப்பாக ஒட்டினால் அதுதான். அப்படிப்பட்டதைக் காயவிட்டால் வெடித்து உதிரும். ஈரமாகவே வைத்து, லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீரில் ஊறவிட்டு, இரும்பில் ஏறி அதை அரிக்கும் குளோரைடு உப்பு குறையும்வரை கரைசலை மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிறகு உலர்த்தி, துருவை நிலைப்படுத்தும் டானிக் அமிலம் (tannic acid) தடவி, மெழுகு பூசலாம்.

சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றிய மூட்டு இருந்தால் அந்தத் துண்டை இந்தத் தொட்டியில் இறக்கவே கூடாது. காஸ்டிக் ஈயத்தை அரிக்கும். அதை நேராகத் தொல்பொருள் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

மரக்குழாயும் காயக்கூடாது, நிபுணர் வரும்வரை தண்ணீரில் முங்கியே கிடக்கட்டும். அதில் மர ஆப்பு ஏதாவது இருந்தால் பிடுங்காதீர்கள். லண்டனில் தீப்பிடித்தால் மரக்குழாயில் துளையிட்டுத் தண்ணீர் எடுத்து, பின் ஆப்படித்து அடைப்பார்கள். தீயணைப்பு நீர்க்குழாய்க்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'ஃபயர் பிளக்' (பிளக் என்றால் ஆப்பு) என்ற பெயரே அதில் வந்ததுதான்.

ஈயக்குழாயை மர அலமாரியில் வைக்க வேண்டாம். ஓக், புது ப்ளைவுட் போன்றவை கசியும் அசிட்டிக் ஆவி அதை வெள்ளைப் பொடியாக்கிவிடும். அந்தப் பொடி நஞ்சு. எஃகு அலமாரி போதும்.

தோண்டியவர்களை இந்த வாரமே பிடியுங்கள்: எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், எது மேல்பக்கம், தண்ணீர் எந்தத் திசையில் ஓடியது என்று கேட்டு ஒவ்வொரு துண்டிலும் சீட்டு கட்டுங்கள்.