நோயாளியின் வீட்டை உள்ளபடி காட்டிய படம் எது?

நான் சொல்வது ‘லொரென்சோஸ் ஆயில்’. 1992இல் வந்தது. ‘மேட் மேக்ஸ்’ எடுத்த ஜார்ஜ் மில்லர்தான் இயக்குநர். மனிதர் டாக்டருக்குப் படித்தவர், அது படத்தில் தெரியும்.

நடந்த கதை. உலக வங்கியில் வேலை பார்த்த அகுஸ்தோ ஓடோன், மனைவி மிக்கேலா. 1984இல், ஆறு வயதைத் தொடும் நேரத்தில் மகன் லொரென்சோவுக்கு ஏ.எல்.டி. என்று தெரிகிறது. சில கொழுப்பு அமிலங்கள் உடம்பில் தேங்கி, நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய். இரண்டு வருடம்தான் என்கிறார்கள் டாக்டர்கள். வேதியியல் தெரியாத அப்பாவும் அம்மாவும் நூலகமே கதியென்று கிடந்து, கடைசியில் ஓர் எண்ணெயைக் கண்டுபிடிக்கிறார்கள்.

காலேஜ் நாட்களில் பார்த்தபோது எனக்கு அகுஸ்தோதான் ஹீரோ. பேப்பர் கிளிப்புகளைக் கோத்துக் கொழுப்புச் சங்கிலியைப் புரிந்துகொள்வாரே, அந்த இடத்தில் கை தட்டினேன்.

அப்புறம் அப்பா ஸ்ட்ரோக்கில் படுத்தார். எட்டு மாதம். அதற்குப் பிறகு பார்த்தபோது மிக்கேலாவை விட்டுக் கண் நகரவில்லை. இந்த நோய் அம்மா வழியாக மகனுக்கு வருவது. அது தெரிந்த பிறகு அவள் தூங்குவதே இல்லை. பையனுக்கு எதுவும் புரியாது என்று நினைக்கும் நர்ஸ்களை வீட்டில் வைத்துக்கொள்ளவும் மாட்டாள். மிக்கேலாவாக நடித்த சூசன் சரண்டன் அவளை நல்லவளாகக் காட்ட முயலவே இல்லை. எனக்கு அது புரிந்தது. “இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்று அப்பா எதிரிலேயே சொன்ன அட்டெண்டரை அன்றைக்கே போகச் சொன்னவன் நான். ராத்திரி இரண்டு மணிக்கு எச்சில் உறிஞ்சும் சக்‌ஷன் டியூபைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று முழித்தவனும் நான்தான்.

குறையும் உண்டு. பின்னணியில் தேவாலயப் பாட்டு கொஞ்சம் அதிகம். எண்ணெய் எல்லோரையும் காப்பாற்றிவிடும் என்ற நினைப்போடு படம் அனுப்பிவைக்கிறது. நிஜத்தில் நோய் முற்றியவர்களை அது மீட்பதில்லை. அறிகுறி தோன்றாத சிறுவர்களுக்கு ஆபத்தைக் குறைக்கலாம் என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடம் என்று கெடு வைக்கப்பட்ட லொரென்சோ 30 வயதுவரை இருந்தார். 2008இல் இறந்தார். மிக்கேலா அவருக்கு முன்பே, 2000இல், புற்றுநோயில் போய்விட்டார்.

இரண்டாவது முறை அம்மாவையும் கூட உட்கார வைத்தேன். பையனுக்கு எச்சில் உறிஞ்சும் மெஷின் சத்தம் கேட்டதும் எழுந்து, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனார். அடுப்பில் ஒன்றும் இல்லை.