முந்திரிகைப் பந்தலும் கள்ளு முட்டியும்

அன்பின் அக்கா,

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்களுக்கு ஒரு முந்திரிகைத் (திராட்சை) தோட்டம் இருக்கிறது. போன போகத்தில் விலை விழுந்தபோது, மிஞ்சிய பழத்தைப் பிழிந்து அப்பாவும் அண்ணாவும் நானும் மூன்று சாடிகளில் வைன் போட்டுப் பார்த்தோம். இரண்டு வினாகிரியாகிவிட்டன. மற்றது குடிக்கலாம், ஆனால் சப்பென்று இருக்கிறது. பிரான்சில் இருக்கும் மாமா ஈஸ்டும் செய்முறையும் அனுப்புகிறேன், அப்படியே செய்யுங்கள் என்கிறார். எனக்கோ நெல்லி, கருப்பநீர் (பதநீர்) என்று எங்கள் பொருட்களைச் சேர்த்துப் பார்க்க ஆசை. இதைக் குடும்பத் தொழிலாக நடத்தலாமா? “தவறணை (கள்ளுக்கடை) திறக்கப்போகிறீர்களோ?” என்று சொந்தக்காரர் கேட்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

மாமாவின் ஈஸ்டை வாங்கிக்கொள்ளுங்கள். செய்முறை வேண்டாம்.

பிரான்சில் கொடி குளிருக்கு உறங்கி எழும். இங்கே அதற்கு உறக்கமே இல்லை. கவ்வாத்துப் பண்ணித்தான் பூக்க வைக்கிறோம், ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை வெட்டுகிறோம், ஆண்டுக்கு இரண்டு போகமும் எடுக்கிறோம். பழுக்கும் நாட்களில் இரவிலும் வெக்கை தணியாததால் பழத்தின் புளிப்பு குறைந்துகொண்டே போகும். இனிப்பு ஏறட்டும் என்று காத்திருந்தால் புளிப்பு இல்லை, புளிப்போடு பறித்தால் இனிப்புப் போதாது. உங்கள் மூன்றாவது சாடி சப்பென்று இருப்பது பெரும்பாலும் இதனால்தான். லீற்றருக்கு 17 கிராம் சீனி இருந்தால் ஏறத்தாழ ஒரு வீத மதுசாரம் வரும். 12 வீதம் வேண்டுமென்றால் 200 கிராமுக்கு மேல் தேவை. சந்தைக்கென்று முந்திப் பறித்த பழத்தில் அது இராது.

வினாகிரியான இரண்டையும் வெக்கைதான் கெடுத்திருக்கும். நொதிக்கும் சாறு தானாகவே சூடாகும். 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும், பிறகு காற்றும் பழ ஈ கொண்டுவரும் பற்றீரியாவும் போதும். சின்னச் சாடியாக எடுங்கள், சுற்றி ஈரச்சாக்குப் போடுங்கள், வாயை இறுகக் கட்டி வாயு வெளியேற மட்டும் வழி விடுங்கள். ஜோர்ஜியாவில் பெரிய மண்சாடிகளை நிலத்தில் புதைத்தே வைன் போடுகிறார்கள். குடும்பம் குடும்பமாகக் காத்த அந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றது. அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: குலை வெட்டுவதற்கு எத்தனை நாளுக்கு முன் கடைசியாக மருந்தடித்தார்? பூஞ்சண மருந்து பழத்தில் ஒட்டியிருந்தால் ஈஸ்டுக்கும் அது நஞ்சு, குடிப்பவருக்கும் நல்லதல்ல.

நெல்லி யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தோலகட்டித் துறவிகளின் நெல்லி ரசத்தைக் குடித்து வளர்ந்த ஊர் இது. முந்திரிகையிடம் இல்லாத புளிப்பும் துவர்ப்பும் நெல்லியிடம் இருக்கின்றன. ஒரு சாடியில் நெல்லியை மட்டும் சேர்த்துப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அளவு, நாள், சூடு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். கருப்பநீர் வேண்டாம். அதை இறக்கப் பனையில் கட்டும் மண்முட்டியில் பூசிய சுண்ணாம்பு, உள்ள கொஞ்சப் புளிப்பையும் முறித்துவிடும்.

ஆனால் சுண்ணாம்பு பூசாத முட்டியை நினைத்துப் பாருங்கள். விடியப் பாளை சீவி இறக்கும்போதே அது கள்ளு. ஈஸ்ட் பைக்கற்றும் இல்லை, வெப்பமானியும் இல்லை. இந்த வெக்கையில் நொதித்தல் எப்படிப் போகும், எத்தனை மணிக்குப் புளிக்கத் தொடங்கும், எந்த முட்டியைக் கழுவ வேண்டும், எதைக் கழுவக் கூடாது என்பதெல்லாம் சீவல் தொழிலாளிக்குக் கைவந்தது. யாழ்ப்பாணம் அவர் இறக்கியதைக் குடித்துக்கொண்டே அவரை முற்றத்துக்கு வெளியே நிறுத்தியது. அதே நொதிப்பு கண்ணாடிப் போத்தலில் பிறநாட்டுப் பெயரோடு வந்தால் மேசையில் வைக்கிறோம். உங்கள் சொந்தக்காரரின் கேள்வியில் இருப்பதும் இந்தச் சாதிப் புத்திதான். அது எனக்குக் கோபத்தைத் தருகிறது. நீங்கள் சீவல் தொழில் தெரிந்த பெரியவர்களில் ஒருவரைத் தேடிப்போங்கள். கூலி கொடுத்துக் கேளுங்கள், ஆசிரியரிடம் கேட்பது போலக் கேளுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சாடியை மட்டும் புதுக்கள்ளின் மண்டியால் நொதிக்க விடுங்கள். கெடவும் கூடும், ஆனால் பார்க்க வேண்டிய பரிசோதனை.

அடுத்த சாடிக்கு முன் மதுவரித் திணைக்களத்துக்குப் போங்கள். 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் விற்பது மட்டுமல்ல, செய்வதும் குற்றம். வீட்டளவு முயற்சிக்கு இது பாரமான வேலை என்று தெரியும். ஆனாலும் தொழில் என்று நினைத்தால் இதுதான் முதற்படி.

அம்மாவின் பயம் வேறு, சொந்தக்காரரின் ஏளனம் வேறு. குடியால் அழிந்த வீடுகளை அவர் பார்த்திருப்பார், நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுங்கள். எவ்வளவு செய்வீர்கள், யாருக்கு விற்பீர்கள், யாருக்கு விற்கமாட்டீர்கள் என்பதை அவரோடு இருந்து முடிவெடுங்கள். கணக்குக் கொப்பியும் அவர் கையில் இருக்கட்டும்.

வினாகிரியை ஊற்றிவிடவில்லைத்தானே? வாசம் நன்றாக இருந்தால் வடித்து மீன்குழம்புக்கு ஒரு கரண்டி விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா